மேல்கட்டிலில் யார் படுப்பது?

மங்கலம் ரோடு, திருப்பூர்
11.4.2004, ஞாயிறு

அக்காவுக்கு,

ஜோதி எழுதுகிறேன். போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. பூத்துக்காரப் பெண் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் நீ பாதியில் போனை வைக்க முடியாது பார்.

போன வாரம் நீ சொன்னாயே, "பிள்ளைகளத் தரையில படுக்க வைக்க மாட்டேன்னு சொல்லு, மறுநாளே அனுப்பி வைக்கேன்" என்று, அதைக் கோபத்தில் சொன்னாயா, நிஜமாகச் சொன்னாயா தெரியவில்லை. நான் நிஜம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசி மழையில் எங்கள் லைன் வீட்டுக்குள் சாக்கடை ஏறி, பாயோடு நனைந்து, முனீசுக்கு உடம்பெல்லாம் புண் வந்ததை நான் மறக்கவில்லை. நீ சாத்தூரிலிருந்து ஓடி வந்து ரெண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போனதையும் மறக்கவில்லை. மழை முடியட்டும் என்றுதான் கொண்டுபோனாய். ஒன்றரை வருஷமாகிறது. ராமுத்தாய்க்கு ஒன்பது, முனீசுக்கு ஐந்து. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது என் பிள்ளைகள் என்னிடம் இருக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

இங்கே பத்துக்குப் பத்து ரூம். அதில் அடுப்பு, பீரோ, டிவி. ரெண்டு கட்டில் போட்டால் நானும் இவரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். என்ன செய்யலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு ஆர்டர் வந்தது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான நைட் டிரெஸ். நான் செக்கிங்கில் இருப்பதால் பேக்கிங் அட்டை கையில் கிடைத்தது. அதில் ஒரு படம். ரயிலில் இருக்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு கட்டில், மேலே ஒரு பிள்ளை, கீழே ஒரு பிள்ளை, ஏற ஒரு ஏணி. ஒரு கட்டில் போடுகிற இடம்தான்! அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதைத்தான் செய்யப் போகிறேன். ஆனால் ஒரே குழப்பம். மரமா, இரும்பா? மேலே யாரைப் படுக்க வைப்பது? மேலே ஃபேன் ஓடுகிறதே, அதை என்ன செய்வது? இவரைக் கேட்டால், "அக்காளும் தங்கச்சியும் பேசி முடிங்க, நான் ஸ்பேனர் புடிக்கேன்" என்கிறார். நீயே சொல்.

ஜோதி


சாத்தூர்
17.4.2004

ஜோதிக்கு,

கடிதமும் படமும் வந்தன. நீ அனுப்பின சட்டைகளும் வந்தன. நன்றாக இருக்கின்றன, போடுகிறார்கள்.

படத்தை ராமுத்தாய் சோற்றுப் பருக்கை தேய்த்துச் சுவரில் ஒட்டிவிட்டாள். அன்றைக்கு அவள் மேலே, முனீஸ் கீழே என்று முடிவானது. மறுநாள் காலையில் இவன் எழுந்ததும் "நான்தான் மேல" என்றான். அவள் தம்பி தலையில் ஒன்று வைத்தாள். கட்டில் வருவதற்கு முன்னாலேயே என் வீட்டில் கட்டில் சண்டை நடக்கிறது, தாயே.

நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தில் இருக்கிற பிள்ளைகள் தூங்குகிறார்களா? நன்றாகப் பார். ரெண்டும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. உட்காருவதற்கு எந்தக் கட்டிலும் நல்ல கட்டில்தான். முனீஸ் எப்படித் தூங்குவான் என்று உனக்குத் தெரியுமா? சுவரோரம் படுக்க வைத்தால் விடியும்போது வாசல்படியில் கிடப்பான். அவனை மேலே வைத்தால் என்ன ஆகும்? சரி, பெரியவளை மேலே வை. அவள் பாதித் தூக்கத்தில் எழுந்து ஒன்னுக்குப் போகிறவள். கண்ணைத் திறக்காமலே நடப்பாள். ஏணி இருப்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் இருக்குமா?

ஃபேனை நீயே சொல்லிவிட்டாய். எழுந்து உட்கார்ந்தால் தலை எங்கே இருக்கும், இறக்கை எங்கே இருக்கும்? உங்கள் வீட்டுக் கூரை சிமெண்ட் சீட்டு. சித்திரையில் அதன் கீழே மூன்றடியில் பிள்ளையைப் போட்டு அவிக்கப் போகிறாயா?

நான் குறை சொல்வதாக நினைக்காதே. நானும் குழம்பித்தான் இருக்கிறேன்.

அனுசுயா


திருப்பூர்
25.4.2004, ஞாயிறு

அக்கா,

நீ கேட்ட கேள்வி ஒவ்வொன்றையும் ஒரு வாரமாகத் தலையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். ஒரு பீஸில் அழுக்குக் கறையைக் கவனிக்காமல் விட்டு சூப்பர்வைசரிடம் திட்டுக்கூட வாங்கினேன். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன், கேள்.

மரம் வேண்டாம். கடையில் மரக்கட்டில் பார்த்தோம், பொம்மையெல்லாம் வரைந்து அழகாக இருக்கிறது. ஏணியைப் பிடித்து ஆட்டினேன், கட்டிலே ஆடியது. வேண்டாம் என்று வந்துவிட்டோம். இரும்புதான். சாக்கடை வந்தாலும் கட்டில் காலை அரிக்காமல் இருக்க அடியில் ரப்பர் கட்டை வைக்கலாம்.

ஃபேனைக் கழற்றியாகிவிட்டது. சுவரில் மாட்டுகிற ஃபேன் வாங்கினோம். வீட்டுக்காரர் கிட்டுசாமி வந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க ஜோதி, ஊட்டுக்குள்ள என்னமோ மாடி கட்டறீங்களாமா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "கட்டறது உங்க இஷ்டமுங்க. ஆனா சீட்டு சுடுமுங்க, புள்ளைங்க கை பட்டாக் கொப்பளிச்சுப் போயிரும். அடியில தெர்மாகோல் அடிச்சுக்குங்க, நானே வாங்கித் தாரேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாடகையை ஏற்றுவார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

ராமுத்தாய்தான் மேலே. ஏணியைச் சாய்வாக வைத்து, படிகளை அகலமாகப் போட்டு, பக்கத்திலேயே ஒரு சின்ன விளக்கு எரிய விடுவேன். கண்ணைத் திறக்காமல் நடந்தாலும் கை ஏணியில்தான் படும்.

செய்யப்போவது சசிகுமார் என்கிற பையன். பல்லடம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறான். கோழிப்பண்ணைகளுக்குக் கூண்டு செய்கிறவன். சிரிக்காதே! கம்பி வேலையில் அவனுக்கு நல்ல பேர். படத்தைக் காட்டினேன். மேல்கட்டிலைச் சுற்றி விழாமல் இருக்கக் கம்பி வேண்டும் என்றேன். அவன் ஒரு கேள்வி கேட்டான்: "ஏனுங்க்கா, கோழிக்குன்னா எனக்குத் தெரியுமுங்க. தீவனந் திங்கத் தலை வெளிய வரோணும், ஒடம்பு வரக்கூடாது. புள்ளைங்களுக்குக் கம்பிக்குக் கம்பி எத்தன இஞ்சுங்க விடறது?"

 எனக்கு என் செக்கிங் வேலை ஞாபகம் வந்தது. பிள்ளைகள் டீ-சர்ட்டில் நாங்கள் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். கழுத்தை இழுத்து டேப் வைப்போம், அந்த வயசுப் பிள்ளையின் தலை நுழைய வேண்டும். தலை நுழையாவிட்டால் பீஸ் ரிஜெக்ட். ஐந்து, ஆறு வயசுக்கு எங்கள் சார்ட்டில் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் போட்டிருக்கிறது. டேப்பை அந்த அளவுக்கு வளைத்து வட்டமாக்கிப் பார்த்தேன், குறுக்கே ஆறரை இஞ்சு வந்தது. தாராளமாகக் குறைத்து, "அஞ்சு இஞ்சு வச்சிரு தம்பி" என்றேன். தலை போகாத இடத்தில் பிள்ளை எப்படிப் போகும்? எனக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி பட்டறையிலிருந்து நடந்து வந்தேன்.

மே கடைசியில் கட்டில் தயாராகிவிடும். தேதி சொல், இவர் வந்து கூட்டி வருவார்.

ஜோதி


சாத்தூர்
3.5.2004

ஜோதி,

தேதி என்ன தேதி? அவசரம் என்ன?

ராமுத்தாயின் டீச்சர் அவளை அடுத்த வருஷம் பேச்சுப் போட்டிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முனீசுக்குச் சளி. வெயில் வேறு. உன் மச்சான் சந்தனம் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவ பிள்ளைய அவ கேக்கா, நீ என்னத்துக்கு வெயிலு மேல பழியப் போடுத" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

அனுப்ப மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அனுப்புகிறேன் என்றும் இப்போது சொல்லவில்லை. கட்டிலில் ஏதோ ஒன்று சரியில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. என்னவென்று தெரியவில்லை.

அனுசுயா


திருப்பூர்
9.5.2004

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். டீ இடைவேளையில் ஒன்று, பாத்ரூமில் ஒன்று, வீட்டில் ரெண்டு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஃபேன் என்றாய், கழற்றினேன். சூடு என்றாய், தெர்மாகோல் அடித்தேன். ஏணி என்றாய், சாய்த்தேன். இப்போது "ஏதோ ஒன்று" என்கிறாய். "ஏதோ ஒன்றை" எந்தப் பட்டறையில் கொண்டுபோய் வெல்டிங் வைப்பது?

நீ கட்டிலைப் பற்றிப் பேசுகிறாயா, பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறாயா? அனுப்ப மனசில்லை என்றால் மனசில்லை என்று சொல். ஒரே வார்த்தை. நான் அழுவேன், உன்னைத் திட்டுவேன், பிறகு பஸ் ஏறி வந்து கூட்டிக்கொண்டு போவேன். நான்தானே பெற்றவள்! இதை எழுதக் கூடாது என்று அடிக்கப் பார்த்தேன், மை ஊறிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

உன்னைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. எது முதலில் என்று தெரியவில்லை.

ஜோதி


சாத்தூர்
16.5.2004, ஞாயிறு

ஜோதிக்கு,

திட்டி முடித்துவிட்டாயா? இப்போது நிதானமாக உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த அஞ்சு இஞ்சை நானே பார்த்துவிடுகிறேன் என்று டேப்பை எடுத்தேன். நம் வீட்டு நைலான் கட்டில் இருக்கிறதல்லவா, அதன் பக்கவாட்டில், சட்டத்துக்கு மேலே சரியாக அஞ்சு இஞ்சு விட்டு உலக்கையை வைத்து தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இறுக்கிக் கட்டினேன். முனீசைப் படுக்க வைத்து, "எப்பிடியாச்சும் இந்தச் சந்துல வெளிய வந்திரு பாப்போம்" என்றேன். அவனுக்கு விளையாட்டு. முதலில் தலையை விட்டுப் பார்த்தான். போகவில்லை. நீ சொன்ன கணக்கு சரிதான் என்று நான்கூட நினைத்தேன்.

பிறகு அவன் திரும்பிப் படுத்துக் காலை விட்டான், ஜோதி. கால் போனது. இடுப்பு போனது. வயிற்றை எக்கினான், அதுவும் போனது. நெஞ்சும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. தலை மட்டும் வரவில்லை. தாடை கட்டில் சட்டத்தில், பின்னந்தலை உலக்கையில். சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். சத்தமே வரவில்லை. நான் உலக்கைக் கயிற்றை எப்படி அவிழ்த்தேன் என்று எனக்குத் தெரியாது, நகம் பிய்ந்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. அன்றைக்கே ரெண்டு முட்டை தின்றான்.

இந்தக் கட்டில் ஒன்றரை அடி உயரம். அவன் கால் தரையில் ஊன்றி நின்றது, அதனால் தப்பித்தான். உன் மேல்கட்டில் நாலரை அடி. அது ராமுத்தாய்க்குத்தான் என்றாலும் இவன் ஏறாமல் இருப்பானா? தூக்கத்தில் உருளுகிற பிள்ளை அங்கே காலை விட்டால் கால் எங்கே ஊன்றும்?

சட்டை போடும்போதுதான் தலை முதலில் போகும். கட்டிலிலிருந்து நழுவும்போது காலல்லவா முதலில் போகும்? உனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று திட்டத்தான் உட்கார்ந்தேன். எனக்கும்தானே தோன்றவில்லை.

இன்னொன்று. அந்த அளவையெல்லாம் கம்பெனி சார்ட்டில் பார்த்தாயே, இங்கே இருக்கிற பிள்ளையின் அளவு என்ன என்று என்னிடம் ஒரு வரி கேட்டாயா? நீ அனுப்புகிற சட்டையில் ஒன்பது வயசு என்று போட்டிருக்கும், ராமுத்தாய்க்கு அது முழங்காலைத் தொடும். முனீசுக்கு அஞ்சு வயசுச் சட்டை தோளிலிருந்து நழுவும், நான் ஊக்கு குத்தி விடுவேன். நீ வருத்தப்படுவாய் என்று இதுவரை சொல்லவில்லை. நம் பிள்ளைகள் ஒல்லி, ஜோதி. அந்தச் சார்ட்டில் அவர்கள் இல்லை.

இப்போது சொல்லக் கூடாத ஒன்றையும் சொல்கிறேன். உலக்கை வைத்துப் பார்த்தது வியாழக்கிழமை. இன்று ஞாயிறு. மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். கட்டில் சரியில்லை, அனுப்ப மாட்டேன் என்று மட்டும் எழுதிவிடலாம், எது சரியில்லை என்று சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். சொன்னால் நீ சரிசெய்துவிடுவாய். சரிசெய்தால் அவர்கள் போய்விடுவார்கள். நான் அப்படியும் நினைத்தவள்தான். சத்துணவுக் கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன், வீட்டுக்கு வந்தால் ரெண்டு பிள்ளைக்குப் போடத்தான் மனசு அடித்துக்கொள்கிறது.

சசிகுமாரிடம் சொல், கோழிக்கு வைக்கிற மாதிரியே நெருக்கமாக, அஞ்சில் பாதி, ரெண்டரை இஞ்சு வைக்கட்டும். மெத்தைக்கும் முதல் கம்பிக்கும் நடுவிலும் அப்படியே. மெத்தை தடியாக வேண்டாம், தடியானால் கம்பி தாழ்ந்துபோகும்.

ஜூன் முதல் வாரம் வந்து கூட்டிக்கொண்டு போ.

அனுசுயா


திருப்பூர்
23.5.2004

அக்கா,

உட்கார்ந்துதான் படித்தேன். 

கடிதம் வந்த சாயங்காலமே பட்டறைக்கு ஓடினேன். கட்டில் முடிந்து, நீலப் பெயிண்ட் அடித்து, காய வைத்திருந்தார்கள். அழகாக இருந்தது அக்கா. சசிகுமாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கையிலிருந்த வெல்டிங் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டான். "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க்கா. அஞ்சு இஞ்சுன்னு நீங்க சொன்னீங்க, நானும் வச்சுட்டேன் பாருங்க" என்றான். ஒவ்வொரு சந்துக்கும் நடுவில் ஒரு கம்பி போட்டாகிவிட்டது.

தினமும் ஆயிரம் கழுத்து இழுத்துப் பார்க்கிறேன். ஊரான் பிள்ளைக்குக் கழுத்து இறுக்குமா என்று பார்த்துப் பார்த்து அனுப்புகிறேன். என் பிள்ளையின் கழுத்து என் கணக்கில் வரவில்லை. நேற்று வேலையில் அஞ்சு வயசு லேபிள் பீஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இதற்குள் முனீஸ் எப்படி இருப்பான் என்று யோசித்தேன், தெரியவில்லை. அது தெரியாமல் நான் என்ன அம்மா?

மூன்று நாள் எழுதாமல் இருந்தேன் என்கிறாய். நாலாம் நாள் எழுதினாயே. உன் மேல் கோபப்படலாமா, உன் காலில் விழலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ரெண்டும் பாக்கி இருக்கட்டும்.

ஊக்கு குத்தினது பற்றி முன்பே சொல்லியிருக்கலாம்.

ஜோதி


திருப்பூர்
13.6.2004, ஞாயிறு

அக்கா,

பிள்ளைகள் வந்து ஒரு வாரம் ஆகிறது. நான் கூட்டிக்கொண்டு வர வந்தபோது நீ வாசலுக்கே வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்றாய். மச்சான்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று ராமுத்தாய் பஸ்ஸில் சொன்னாள்.

கட்டிலைப் பார்த்ததும் முனீஸ் என்ன செய்தான் தெரியுமா? செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேலே ஏறி, ஒவ்வொரு சந்திலும் காலை விட்டுப் பார்த்தான். ஒரு சந்து விடவில்லை. பிறகு இறங்கி வந்து, "கால் போகல. பெரியம்மாட்டச் சொல்லணும்" என்றான். நீ சொல்லி அனுப்பியிருக்கிறாய் என்று புரிந்தது. கிட்டுசாமிகூட வாசலில் நின்று, "இன்ஸ்பெக்சன் முடிஞ்சுதுங்களா கண்ணு?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஆனால் அத்தனை பாடுபட்டுச் செய்த மேல்கட்டிலில் யாரும் படுப்பதில்லை. முதல் நாள் ராமுத்தாய் ஏறினாள், கொஞ்ச நேரத்தில் இறங்கித் தம்பி பக்கத்தில் படுத்துவிட்டாள். ரெண்டும் கீழேதான். ஒரு கட்டிலே போதுமாக இருந்திருக்கும் போல. இவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். நீ சொல்லக் கூடாததைச் சொன்னாய், அதனால் நானும் சொல்கிறேன். இன்று மத்தியானம் முனீஸ் தூங்கி எழுந்து "அம்மா" என்று கூப்பிட்டான். இங்கே வந்ததிலிருந்து அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை, ஆளைப் பார்த்தால் சும்மா பேசுவான், அவ்வளவுதான். கை நிறைய மாவோடு ஓடினேன். கட்டில் பக்கத்தில் மண்டி போட்டு, "என்னய்யா?" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "நீங்க இல்ல" என்றான்.

உன் முன்னால் உன்னைப் பெரியம்மா என்கிறான். தூக்கத்தில் யாரை என்னவென்று கூப்பிடுகிறான் என்று உனக்குத் தெரியும், இல்லையா? ஒன்றரை வருஷமாக நீ எழுந்து ஓடியிருக்கிறாய்.

நான் கோபமாக இல்லை. வலிக்கிறது, ஆனால் கோபம் இல்லை. அவனிடம், "அவுக வருவாக" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. இப்போது நான் பொய் சொன்னேனா, நிஜம் சொன்னேனா என்பது உன் கையில் இருக்கிறது. சத்துணவில் லீவு கேள். மேல்கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு என்று சொல்லியும் சசிகுமார் ஆறேகால் அடி நீளம் வைத்துவிட்டான்.

ஜோதி


சாத்தூர்
17.6.2004

ஜோதி,

லீவு சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஊக்கு ஒரு அட்டை கொண்டுவருகிறேன். சட்டைகளை நீயே பிடித்துத் தைத்துக்கொள், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று காட்டித் தருகிறேன். அளவு உன் கைக்குப் பழகிவிடும்.

எனக்கு உயரம் ஆகாது, தலை சுற்றும். அதனால் கீழே நானும் பிள்ளைகளும். மேலே நீ ஏறிக்கொள். அவன் அம்மா என்று கூப்பிட்டால் நான் கண்ணைத் திறக்க மாட்டேன். நீ இறங்கி வா. அவன் இல்லை என்று சொன்னாலும் பக்கத்தில் உட்கார். அது மறுநாளும் நடக்கும், அதற்கு மறுநாளும் நடக்கும். நடக்கட்டும்.

நாலு நாளைக்குத்தான் வருகிறேன். அவனை உன்னிடம் விட்டுவிட்டு வர வருகிறேனா, தூக்கிக்கொண்டு வர வருகிறேனா என்று உன் மச்சான் கேட்கிறார். எனக்கே தெரியவில்லை, ஜோதி. ஏணி கெட்டியாக இருக்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்து வை. நீ அவசரத்தில் இறங்குவாய்.

அக்கா